காலையில் தட்டிய கதவுகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கடிதம் எழுதியிருக்கிறேன், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுதியதில்லை. இப்போது மறதி வேறு. பழைய விஷயம் நினைவிருக்கிறது, அது எந்த வரிசையில் நடந்தது என்பதுதான் கலைந்துபோகிறது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவி கேட்டதால்தான் எழுதுகிறேன். நான் வேலை செய்த அலுவலகத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள். போன மாதம் என்னைப் பார்க்க ஸ்கூடாயில் என் மகன் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்தவள் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, "பாருங்க ஆன்ட்டி" என்று ஒரு பொத்தானை அழுத்தினாள். எண்களெல்லாம் பட்டை பட்டையாக எழுந்து நின்றன. இன்னொன்றை அழுத்தினாள், பட்டைகள் வட்டமாகிவிட்டன. நான் முதுகு ஒடியக் குனிந்து நாள் முழுக்க வரைந்த படம், அவள் காப்பியை ஊதிக் குடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"எப்படி இருக்கு?"

"அழகா இருக்கும்மா."

"அப்புறம் ஏன் மொகத்த அப்படி வச்சிருக்கீங்க?"

"இல்ல... யார யாரக் கேட்டீங்க?"

"போன்ல லிங்க் அனுப்பிட்டோம் ஆன்ட்டி. இஷ்டம் உள்ளவங்க பதில் போட்டாங்க."

எனக்குச் சட்டென்று வாயில் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் கணினியை மூடிவிட்டு, "சொல்ல வரலன்னா எழுதிக் குடுங்க. புதுசா வந்த புள்ளைங்க படிக்கட்டும்" என்றாள்.

எங்கள் அலுவலகம் அப்போது, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜோகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது. கீழே காதர் பாயின் சாப்பாட்டுக் கடை. எங்கள் தொழில் கேட்பது. சோப்பு விற்கிறவர்களுக்கும் பஸ் விடுகிறவர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குக் கேள்வித்தாள் அச்சடிப்போம். பெண் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு, எழுதிக் கொண்டுவருவார்கள். கட்டுக் கட்டாக வந்து சேரும் அந்தத் தாள்களை எண்ணி, பங்கு பிரித்து, பார்த்தவுடனே புரிகிற மாதிரி படமாக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி வேலை என்னுடையது.

நான் அங்கே சேர்ந்தது தேநீர் கலக்கிக் கொடுக்கத்தான். அதற்கு முன்பு ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பிறந்த பிறகு இரவு ஷிஃப்டுக்குப் போக முடியவில்லை. அலுவலகத்தில் படம் வரைகிற பெண் கல்யாணமாகி மூவாருக்குப் போய்விட்டாள். அந்தச் சமயம், தேநீர் மேசையில் கிழிந்துபோன பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பிளேடால் வெட்டிப் போட்டேன். எங்கள் பெரியவர் சபாரத்தினம் சார் அந்த ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, அடிமட்டம் இல்லாமலோ வெட்டினீர்?"

அவர் சிலோன் தமிழர். அடிமட்டம் என்றால் ரூலர். எனக்கு அது தெரியாது. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, "மன்னிச்சிக்குங்க சார்" என்றேன். அடுத்த வாரம் என்னை வரைபலகை முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

கற்றுக்கொண்ட கதையை நீட்ட மாட்டேன். வகுத்தல் கணக்கு பள்ளியிலேயே எனக்கு வரும். வட்டப் படத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மூன்றரைப் பாகை, அதற்கு மேல் ஒரு மயிரிழை என்று பழகினேன். மைப்பேனாவின் முனை ஊசி மாதிரி இருக்கும். குளிர்சாதனக் காற்று பட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும், காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்க வேண்டும். எழுத்துகளைத் தாளில் வைத்துத் தேய்த்து ஒட்டுவோம். நிறம் கிடையாது. போட்டோஸ்டாட் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே கறுப்பாகிவிடும் என்பதால் ஒரு பட்டைக்குப் புள்ளி அச்சிட்ட தாளை வெட்டி ஒட்டுவோம், ஒரு பட்டைக்குச் சாய்ந்த கோடு, ஒன்று வெறும் வெள்ளை. இப்போது தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பட்டைக் குறிவரைவு என்று பெயர் போட்டிருக்கிறார்கள். என் பேத்தி சொல்லித்தான் தெரியும். நாங்கள் ஆங்கிலத்தில் 'பார்' என்போம்.

சபாரத்தினம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஒல்லியான உருவம், வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு பென்சில். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலைச் சீவுவார். நிறையச் சீவினால் நிறையக் கோபம் என்று அர்த்தம். டைப் அடிக்கும் சியூ லிங் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உள்ளே போகலாமா கூடாதா என்று எனக்குக் கண்ணால் சொல்லுவாள்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. பட்டை எப்போதும் சுழியத்திலிருந்துதான் எழும்ப வேண்டும். ஒரு தடவை வீடு கட்டும் கம்பெனிக்காரர் ஒருவர், தன் வீட்டுக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது, அடியை நறுக்கிவிட்டு மேல் பாதியை மட்டும் காட்டுங்கள் என்றார். சார் பென்சிலைச் சீவிக்கொண்டே, "காலை வெட்டிப்போட்டு ஆளின்ர உயரம் காட்டேலாது" என்றார். அந்தக் கம்பெனிக்காரர் அதற்குப் பிறகு எங்களிடம் வரவே இல்லை. இன்னொன்று, எந்தப் படமானாலும் அடியில் சின்ன எழுத்தில் எத்தனை பேரைக் கேட்டோம் என்று போட வேண்டும். அது இல்லாத படம் அவருக்குக் கையெழுத்தில்லாத கடிதம் மாதிரி.

எல்லாவற்றிலும் பெரிய பிடிவாதம் காதர் பாய் கடைப் பரீட்சை. படம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கீழே போவார். கல்லாவில் இருக்கும் பாய் முன்னால் விரித்து, தலைப்பை ரூலரால் மூடிவிட்டு, "என்ன விளங்குது?" என்று கேட்பார். பாய் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் படம் தேறிவிட்டது. நின்று யோசித்தால் எனக்கு மறுபடியும் வேலை. "நாங்கள் சொல்லக் கூடாது, படம் சொல்ல வேணும்" என்பார். பாயும் சளைத்தவர் இல்லை. "சார், உங்க படத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் பாஸாயிடுவேன் போல. சர்ட்டிபிகேட் எப்பத் தருவீங்க?" என்று கேட்பார்.

இனி நான் சொல்ல வந்த கிளினிக் விஷயம்.

நாங்கள் அப்போது பெர்மாஸ் ஜெயா பக்கம் ஒரு மலிவு விலை பிளாட்டில் இருந்தோம். அங்கே ஓர் அறக்கட்டளை சின்னதாகக் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தது. காலையில் ஒரு டாக்டர், சாயங்காலம் ஒரு டாக்டர். சாயங்கால டாக்டர் விட்டுப் போவதாக ஆயிற்று. இனி ஒரு டாக்டர்தான். எந்த நேரத்தை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று மக்களைக் கேட்டு முடிவு செய்ய நினைத்து எங்கள் அலுவலகத்திடம் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரரின் தங்கை பாக்கியம் அதே பிளாட்டில் வேறு ப்ளோக்கில் குடியிருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள் படித்துக்கொண்டிருந்தாள். பாக்கியத்துக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தட்டு கழுவும் வேலை. விடிவதற்கு முன்பே பஸ் ஏறிப் பாலம் கடந்து போவாள், இருட்டிய பிறகு திரும்புவாள். நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். சர்க்கரை வியாதி இருந்தது. இடது காலில் விரலுக்குக் கீழே புண் வந்து ஆறவில்லை. சாயங்காலக் கிளினிக்கில்தான் கழுவி மருந்து கட்டிக்கொண்டிருந்தாள். கவனிக்காமல் விட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் போகலாம் என்றால் லீவு எடுக்க வேண்டும். அப்படி லீவு எடுத்தவர்களை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தாள்கள் வந்தன, எண்ணினேன். எந்த நேரத்தில் கிளினிக் வேண்டும் என்ற கேள்விக்குக் காலைப் பட்டை தாளின் உச்சிவரை போனது. மதியம் இடுப்புயரம். சாயங்காலத்துக்கு என் சுண்டுவிரல் நகம் அளவுதான் வந்தது. புள்ளித்தாளை அந்த அளவுக்கு வெட்டுவதே சிரமமாக இருந்தது. பாக்கியத்தின் நினைப்பு வந்தது. மறுபடியும் எண்ணினேன், அதே அளவுதான் வந்தது.

சனிக்கிழமை சார் அதைக் கீழே எடுத்துப் போனார். பாய் தேநீரை ஆற்றுவதைக்கூட நிறுத்தவில்லை.

"சாயங்காலம் யாருக்கும் வேணாம்னு சொல்லுது. கடைய மூடிடலாம். இதுக்கு ஒரு பரீட்சையா சார்?"

சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் அப்படித் தலையாட்டுவது பெரிய பாராட்டு. என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் வீட்டுக்கு வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்ற அவளுக்கு நேரம் பிடித்தது. உட்கார்ந்ததும் காலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அண்ணி, சாயங்காலக் கிளினிக்க மூடப்போறாங்களாம். நர்ஸ் சொல்லிச்சி. ஒங்க ஆபீஸ் படத்த வச்சித்தான் முடிவாம்."

அலுவலக விஷயத்தை வெளியே பேசக் கூடாது. நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசுங்களேன். நீங்கதானே வரையிறீங்க?"

"வரையிறது நான். நம்பரு சனங்க சொன்னது."

"அப்ப சாயங்காலத்துக்கு ஒரு விரக்கட ஒசத்தி வைங்க. ஒரு விரக்கடதான்லா! யாரு டேப் வச்சி அளக்கப் போறா?"

"சார் அளப்பாரு."

"அலமாக்! வீட்டுல பொண்டாட்டி சோறு போட்டாலும் அந்த மனுசன் அளந்துதான் சாப்புடுவாரு போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு கட்டைக் கொஞ்சம் விலக்கி எனக்குக் காட்டினாள். நான் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

"பதில் சொன்ன ஒருத்தரையும் நாங்க வுடல பாக்கியம். எல்லாரையும் எண்ணித்தான் போட்டோம்."

"என்னைய எப்ப எண்ணுனீங்க?"

"வீட்டுக்கு வந்திருப்பாங்களே. கையில அட்டை வச்சிக்கிட்டு ரெண்டு புள்ளைங்க."

"எப்ப?"

"காலையில. ஒம்பது, பத்து மணிக்கு."

"ஒம்பது மணிக்கு நான் அந்தப் பக்கம் தட்டு கழுவிக்கிட்டு நிப்பேன் அண்ணி. எங்க மாடியில பாதி வீடு பூட்டிக் கெடக்கும். பூட்டுன கதவத் தட்டிப் பாத்துட்டு என்னா செஞ்சாங்க?"

எனக்கு அது தெரியும். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்பது எங்கள் வழக்கம். கேட்க வேண்டிய ஆள் கணக்கு குறையாமல் இருப்பதற்காக அப்படி வைத்திருந்தோம். கணக்குக் குறையவே இல்லை. படத்தின் அடியில் போட்ட எண்ணிக்கை முழுசாகத்தான் இருந்தது. பாக்கியத்துக்குப் பதிலாக அவளுடைய அடுத்த வீட்டுக்காரி இருந்தாள், அவ்வளவுதான்.

"என்னா அண்ணி, ஊமையாயிட்டீங்க?"

"வெங்காயம்" என்றேன்.

திங்கட்கிழமை சாரிடம் இதைச் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தால் சின்னக் காரியம்தான். ஆனால் அத்தனை வருஷத்தில் அவர் கேட்காமல் நானாக ஒரு வார்த்தை அவரிடம் பேசியதில்லை. எனக்கு வேண்டியவளுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று வேறு பயமாக இருந்தது. உண்மையில் அவளுக்காகத்தானே பேசப் போகிறேன். பஸ்ஸில் வரும்போது ஏழெட்டு மாதிரி சொல்லிப் பார்த்தேன். தேநீரை அவர் மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"என்ன பிள்ளை?"

"சார், பாக்கியத்த யாரும் கேக்கல."

"ஆர் பாக்கியம்?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். நாத்தனார், சிங்கப்பூர் வேலை, கால் புண், பூட்டின கதவு, எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. கடைசியில், "எனக்கு வேண்டியவங்க சார், அதனால சொல்றேன்னு நெனைக்காதீங்க" என்று அதையும் சொல்லித் தொலைத்தேன். சார் பென்சிலை எடுத்தார். சீவப் போகிறார் என்று நினைத்தேன். சீவவில்லை, கீழே வைத்தார்.

"கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீடு. அது ஆர் வைச்ச வழக்கம்?"

நான் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான்தான் வைச்சனான்" என்றார்.

கட்டுகளை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு தாளின் தலையிலும் எந்த நேரத்தில் கேட்டோம் என்று பிள்ளைகள் குறித்திருப்பார்கள். வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்ப்பதற்காக வைத்த இடம் அது, அதை நாங்கள் எண்ணுவதில்லை. சார் வாசிக்க வாசிக்க நான் கோடு போட்டேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. சியூ லிங் தானாகவே வந்து பாதிக் கட்டை வாங்கிக்கொண்டாள். முடிந்ததும் சார், "இதையும் ஒரு பாராக வரையும். முந்தின படத்தின்ர அளவிலேயே வரையும்" என்றார். எப்போது கிளினிக் வேண்டும் என்பது முதல் படம். எப்போது நாங்கள் கதவைத் தட்டினோம் என்பது இரண்டாவது படம்.

டிரேசிங் தாளில் வரைந்தேன். அவர் அதை வாங்கி முதல் படத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். காலைப் பட்டை மேல் காலைப் பட்டை உட்கார்ந்தது. மதியத்தின் மேல் மதியம். சாயங்காலத்தில் அந்த நகத்தளவின் மேல் இன்னொரு நகத்தளவு. கோடு கொஞ்சம் விலகியதே தவிர, உருவம் ஒன்றுதான். நாங்கள் தட்டிய நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள், அந்த நேரத்தையே கேட்டிருக்கிறார்கள்.

கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சார் தாள்களை இறக்கவே இல்லை.

"நாங்கள் அவையளைக் கேட்கேல்லை பிள்ளை" என்றார். "எங்களைத்தான் கேட்டிருக்கிறம்."

பாய் கடையில் ஒரு நொடியில் தேறிய படம் அது. அந்த மாதிரித் தெளிவான படம் நான் அதற்கு முன்பு வரைந்ததில்லை. இதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

சார் அறக்கட்டளைக்குப் போன் செய்து, எங்களிடம் பிழை இருக்கிறது, பொறுங்கள் என்று ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கினார். கேள்வி கேட்ட பிள்ளைகளெல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது சியூ லிங், நான், சார்.

"நீர் தமிழ் ஆக்களைக் கேளும்" என்றார்.

"நானா சார்?"

பக்கத்தில் நின்ற சியூ லிங், "அக்கா, தாக்குட் அப்பா?" என்று மலாயில் கேட்டாள், என்ன பயம் என்று. எனக்கு எல்லாமே பயம். தெரியாத மனிதரை நிறுத்திக் கேள்வி கேட்பது நான் வாழ்க்கையில் செய்யாத காரியம்.

இருட்டுகிற நேரத்தில் பிளாட்டுக்கு முன்னால் தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் நின்றோம். தூறல் வேறு. சார் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார், தனக்கு இல்லை, தாள்களுக்கு. முதல் பஸ் வந்தது, எல்லோரும் இறங்கி என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸே போய்விட்டது. இரண்டாவது பஸ்ஸில் இறங்கிய ஒரு பெண்ணின் பின்னாலேயே நடந்தேன்.

"தங்கச்சி, ஒரு நிமிசம்."

"இன்சூரன்ஸா? வேணாங்கா."

"இல்லம்மா, கிளினிக்க எந்த நேரம் தொறக்கலாம்னு..."

அவள் நின்றாள். "அத மூடப்போறாங்கன்னுல்ல சொன்னாங்க? எழுதுங்க, எழுதுங்க. ஏய் மாலா, இங்க வா, கிளினிக் கேக்குறாங்க!"

அதற்குப் பிறகு நான் யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆள், "சாயங்காலம் தொறந்திருக்கா? எனக்கு இவ்ளோ நாளா தெரியாதே" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார் சார். இன்னொருவர் காலையே போதும், சாயங்காலம் படுக்கத்தான் நேரம் என்றார். அதையும் எழுதினேன்.

பாக்கியம் அடுத்த பஸ்ஸில் வந்தாள். கம்பியைப் பிடித்து ஒரு காலை மட்டும் ஊன்றி இறங்கினாள். நான் குரலை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்க அண்ணியா இது? வீட்டுல உப்பு தீந்தாக்கூட பக்கத்துல போயி கேக்க மாட்டாங்க! சரி, என்னையும் கேளுங்க."

நான் புதுத் தாளை எடுத்தேன். சார் என் கையைத் தடுக்கவில்லை, குடையை மட்டும் என் தாளுக்கு மேலிருந்து நகர்த்தினார்.

"இவவை நீர் கேட்கக் கூடாது. சியூ லிங் கேட்கட்டும்."

சொந்தக்காரரைச் சொந்தக்காரர் கேட்கக் கூடாது, அதுவும் அவர் வழக்கம். பாக்கியம் சாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில், "நெஜமாவே அளந்துதான் சாப்புடுறாரு" என்றாள். பிறகு சியூ லிங் முன்னால் போய் நின்று, ஏதோ கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள் மாதிரி நிமிர்ந்து, கேட்ட எல்லாவற்றுக்கும் மலாயில் பதில் சொன்னாள்.

புதிய தாள்களையும் எண்ணினேன். பழையதோடு கூட்டிவிடலாம் என்று நினைத்தேன். சார் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டது வேறு, பஸ் நிற்கும் இடத்தில் வந்தவரைக் கேட்டது வேறு, இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கினால் அது எதுவும் இல்லாமல் போய்விடும் என்றார். இரண்டு படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். ஒரே அளவு, ஒரே புள்ளித்தாள். இடப்பக்கம் காலை உச்சியில், சாயங்காலம் நகத்தளவு. வலப்பக்கம் சாயங்காலம் உச்சியில், காலை கீழே. அடியில், எத்தனை பேரைக் கேட்டோம் என்பதோடு, எங்கே நின்று எந்த நேரத்தில் கேட்டோம் என்பதையும் எழுதினோம். அதற்குப் பிறகு நான் அங்கே வரைந்த எல்லாப் படத்திலும் அந்த வரி இருந்தது.

சாயங்காலப் பட்டையின் உச்சிக் கோட்டைப் போடும்போது, பாக்கியம் கேட்ட ஒரு விரக்கடை நினைவுக்கு வந்தது. அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் என் கை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கீழே எடுத்துப் போனோம். பாய் பார்த்தார். தேநீரை ஆற்றுவதை நிறுத்தினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். வரிசையில் நின்ற ஒருவர் மிச்சக் காசு கேட்டதற்குக்கூட அவர் திரும்பவில்லை.

"ரெண்டு ஊரு மாரி இருக்கு சார். இதுல எந்த ஊருக்கு டாக்டர் வேணுங்கிறீங்க?"

மேலே ஏறும்போது, "பாய் யோசிச்சாரு சார். வேற மாரி வரையவா?" என்று கேட்டேன். நானாக அவரிடம் பேசிய இரண்டாவது தடவை அது.

"வேண்டாம். இது யோசிக்க வேண்டிய படம். விடும்" என்றார்.

கூட்டத்துக்குச் சார் மட்டும் போனார். இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்களாம். கடைசியில் இருக்கிற ஒரு டாக்டரையே பங்கு போட்டார்கள். வாரத்தில் சில நாள் சாயங்காலம், மற்ற நாள் காலை. பாக்கியத்துக்கு நாள் விட்டு நாள் கட்டுப் போட முடிந்தது. ஒரு விரல் போயிற்று. கால் போகவில்லை. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகும்வரை அவள் பாலம் கடந்து போய் வந்துகொண்டுதான் இருந்தாள். இப்போது கெலாங் பாத்தாவில் அந்த மகளோடு இருக்கிறாள். மார்க்கெட்டுக்குத் தானே நடந்து போகிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு விரக்கட ஒசத்தச் சொன்னேன், நீங்க குடையப் புடிச்சிக்கிட்டு ஊரையே கேட்டீங்க" என்பாள். குடை பிடித்தது சார், நான் இல்லை. சொன்னால் கேட்க மாட்டாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் இன்னொன்று இருக்கிறது. எங்கள் ப்ளோக்கில் கீழ் மாடியில் ஒரு பெண் இருந்தாள். கைக்குழந்தைக்கு மூச்சிழுப்பு. நேரம் மாறிய மாதம் அவளைப் படிக்கட்டில் பார்த்தேன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள்.

"காலையில தூக்கிட்டு ஓடுனேன்கா, மூடியிருக்கு. இன்னிக்கு சாயங்காலந்தானாம். யாரோ படம் போட்டு நேரத்த மாத்திட்டாங்களாம். அவங்க வீட்டுல புள்ளைங்களே இல்ல போல."

நான் கையில் சாவியை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளை இடப்பக்கப் படத்தில் நான் எண்ணியிருக்கிறேன். உச்சிவரை போன பட்டையில் அவளும் ஒருத்தி.

தேவி, உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். இதை அந்தப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் சரிபார்த்துவிடு. சாயங்காலப் பட்டைக்குப் புள்ளித்தாளா, சாய்ந்த கோடா என்று எனக்கு இப்போது சந்தேகம். நிறுத்தத்தில் எத்தனை நாள் நின்றோம் என்பதும் தெரியவில்லை. சார் இல்லை, காதர் பாயும் இல்லை. சியூ லிங் இருக்கிறாள், அவளிடம் கேள். பாக்கியத்திடமும் கேள், அவள் ஒன்றைப் பத்தாக்குவாள், அதைக் கழித்துக்கொள். ஆனால் அவர்களோடு விட்டுவிடாதே. எனக்குத் தெரிந்தவர்கள் சொன்னதையும் எனக்கு நினைவிருப்பதையும் வைத்துத்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன். அந்தக் கீழ் மாடிப் பெண்ணை நான் கேட்கவில்லை. அவள் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. அந்தக் குழந்தை பெரியவனாகி, அவனுக்கே ஒரு பிள்ளை இருக்கிறதாம், அதைப் பார்த்துக்கொண்டு இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்று பாக்கியம் சொன்னாள். அவளுக்கு லிங்க் அனுப்பாதே, நேரில் போ. காலையில் போனால் வீட்டில் இருப்பாள்.